விகிதக் கணக்கில் எந்த எழுத்தில் தவறுகிறீர்கள்? டேட்டா சஃபிஷியன்ஸி கேள்விகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டுக்குத் தயாராகும் மாணவர்கள் மாதிரித் தேர்வு முடிந்ததும் தவறிய கேள்விகளின் விளக்கத்தைப் படிக்கிறார்கள். "தெரிந்த கணக்குதானே, கவனக்குறைவு" என்று சொல்லிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். மறுவாரம் அதே இடத்தில் அதே தவறு வருகிறது. ஒரு வினாவையும் இரண்டு கூற்றுகளையும் தந்து, விடை காண அந்தக் கூற்றுகள் போதுமா என்று மட்டும் கேட்பவை டேட்டா சஃபிஷியன்ஸி கேள்விகள். அவற்றில், அதிலும் விகிதக் கணக்குகளில், இப்படிக் கடந்துபோவது பெரிய இழப்பு; ஏனென்றால் இந்த வகைக் கேள்வியில் பிழை எங்கே நடந்தது என்பதைத் தவறான விடையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் குறித்த எழுத்தையும் சரியான எழுத்தையும் அருகருகே எழுதிப் பாருங்கள். 'ஏ குறித்தேன், விடை சி' என்பது ஒரு கோளாறு. 'சி குறித்தேன், விடை ஏ' என்பது அதற்கு நேர் எதிரான வேறொரு கோளாறு. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஜிமேட் ஃபோகஸ் வடிவத்தில் இந்தக் கேள்விகள் கணிதப் பகுதியிலிருந்து டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்கு மாறிவிட்டன. அங்கே 20 கேள்விகளுக்கு 45 நிமிடம், அதாவது ஒரு கேள்விக்குச் சராசரியாக 2 நிமிடம் 15 விநாடி. விடைத்தெரிவுகள் எப்போதும் ஒரே வரிசையில் இருக்கும்: முதல் கூற்று மட்டும் போதும் என்றால் ஏ, இரண்டாம் கூற்று மட்டும் போதும் என்றால் பி, தனித்தனியே போதாமல் இரண்டும் சேர்ந்தால் போதும் என்றால் சி, ஒவ்வொன்றும் தனித்தே போதும் என்றால் டி, சேர்ந்தாலும் போதாது என்றால் இ.

எல்லா அறிகுறிகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றே என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொறியாளர்களுக்கும் கணக்காளர்களுக்கும் உள்ள விகிதம் 7:4 என்றால், அங்கே 7 பொறியாளர்கள் இருக்கிறார்கள் என்று பொருள் இல்லை. 7 × ம பொறியாளர்களும் 4 × ம கணக்காளர்களும் இருக்கிறார்கள் என்று பொருள். இந்த 'ம' என்ற பொது மடங்கைக் கேள்வி சொல்லாமல் வைத்திருக்கிறது. ஒரு விகிதக் கேள்வியைப் பார்த்தவுடன் கேட்க வேண்டியது இதுதான்: எனக்கு 'ம' வேண்டுமா, வேண்டாமா? எண்ணிக்கையைக் கேட்டால் வேண்டும். விகிதத்தையோ சதவீதத்தையோ பின்னத்தையோ கேட்டால் பெரும்பாலும் வேண்டாம். கூற்றுகளையும் அதே கண்ணோடு பிரிக்கலாம். விகிதம், சதவீதம், பின்னம், 'இத்தனை மடங்கு' ஆகியவை அளவைத் தொடாத தகவல்கள். மொத்தம், வித்தியாசம், ரூபாய், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவை அளவைச் சொல்லும் தகவல்கள்.

இதிலிருந்து பிறக்கும் ஒரு சோதனையை நான் இரட்டிப்புச் சோதனை என்று அழைக்கிறேன். கேள்வியில் வரும் எல்லா எண்ணிக்கைகளையும் இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். எல்லாத் தகவல்களும் அப்போதும் உண்மையாகவே இருந்தால், குறிப்பிட்ட எண்ணிக்கை எதையும் அந்தத் தகவல்களால் தீர்மானிக்க முடியாது. பத்து விநாடி பிடிக்கும் இந்தச் சோதனைக்கு ஒரு வரி கணக்கும் தேவையில்லை.

அறிகுறி: ஏ அல்லது பி குறித்தீர்கள், சரியான விடை சி

விகிதத்தை எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டீர்கள். இதைக் கேட்டால் எல்லோருமே "நான் அப்படிச் செய்யமாட்டேன்" என்றுதான் சொல்வார்கள். ஒரு மாணவியின் ரஃப் தாளைப் பார்க்கும்வரை நானும் இது தொடக்கநிலைப் பிழை என்றே நினைத்திருந்தேன். கேள்வி இது:

ஓர் அலுவலகத்தில் புதிதாக 6 கணக்காளர்கள் சேர்ந்தபின் பொறியாளர்களுக்கும் கணக்காளர்களுக்கும் உள்ள விகிதம் என்ன?
கூற்று 1: அவர்கள் சேர்வதற்கு முன் விகிதம் 7:4.
கூற்று 2: அவர்கள் சேர்வதற்கு முன் இரு பிரிவினரும் சேர்ந்து 33 பேர்.

அவர் தாளில் முதல் வரியில் '7 : 4' என்று இருந்தது. அதற்குக் கீழே, 4-க்கு நேராக, '+6' என்று சிறிதாக எழுதப்பட்டிருந்தது. மூன்றாவது வரியில் '7 : 10' என்று எழுதி வட்டமிட்டு, ஏ என்று குறித்திருந்தார். நல்ல கணிதப் பின்புலம் உள்ள பெண். வேகத்தில் 'ம' விழுந்துவிட்டது. உண்மையில் இரண்டு கூற்றுகளும் சேர்ந்தால்தான் 11 × ம = 33 என்றும், ம = 3 என்றும் கிடைக்கும்; 21 பொறியாளர்கள், 12 கணக்காளர்கள், பின்னர் 21:18, அதாவது 7:6. விடை சி.

கேட்பது விகிதம்தானே, அப்படியானால் 'ம' தேவைப்படாதே என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த ஐயம் நியாயமானது, அதனால்தான் மேலே 'பெரும்பாலும்' என்று எழுதினேன். கூட்டலோ கழித்தலோ உள்ளே வந்தவுடன் விகிதமும் அளவைச் சார்ந்துவிடுகிறது. இருவரையும் இரட்டிப்பாக்கினால் விகிதம் அசையாது. ஒரு பக்கம் 6 பேரைச் சேர்த்தால், ஏற்கெனவே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைப் பொறுத்து அது கொஞ்சமாகவோ அதிகமாகவோ அசையும். தீர்வு எளிது: விகிதத்தை எழுதும்போதே 7ம, 4ம என்று மடங்கோடு எழுதுங்கள். வெறும் 7:4 என்று எழுதும் கை, அடுத்த வரியில் கூட்டத் தொடங்கிவிடும்.

அறிகுறி: சி குறித்தீர்கள், சரியான விடை ஏ அல்லது பி

இந்தத் தேர்வில் விகிதக் கணக்குகளில் நான் அதிகம் பார்ப்பது இந்தப் பிழைதான். சற்றே கணக்குத் தெரிந்தவர்களை அது அதிகமாகப் பிடிக்கிறது. இரண்டு தெரியாத எண்களுக்கு இரண்டு சமன்பாடுகள் வேண்டும் என்று பள்ளியில் கற்ற விதியே இங்கே காலை வாரிவிடுகிறது. இதற்குள் குறைந்தது மூன்று தனிக் கோளாறுகள் இருப்பதால், எது உங்களுடையது என்று பொறுமையாகப் பாருங்கள்.

முதலாவது, கேட்காததைக் கண்டுபிடிக்க முயல்வது. ஒரு சங்கத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள விகிதம் என்ன என்று கேள்வி. முதல் கூற்று, பெண்களின் எண்ணிக்கையைவிட ஆண்களின் எண்ணிக்கை 25 சதவீதம் அதிகம் என்கிறது. இரண்டாவது கூற்று, மொத்தம் 180 பேர் என்கிறது. இரண்டையும் சேர்த்து 100, 80 என்று கண்டுபிடித்து மகிழ்ச்சியோடு சி குறிப்பவர்கள் உண்டு. முதல் கூற்றிலேயே 125:100, அதாவது 5:4 வந்துவிட்டது. 180 என்ற எண் அங்கே ஆசை காட்டுவதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது.

இதே கோளாறு சராசரியின் வேடத்தில் வரும்போது கண்டுபிடிப்பது இன்னும் கடினம். ஒரு தேர்வில் ஆண்களின் சராசரி மதிப்பெண் 70, பெண்களின் சராசரி 80, அனைவரின் சராசரி 76 என்று ஒரே கூற்று சொல்கிறது. ஆண்-பெண் விகிதம் என்ன என்று கேள்வி. எத்தனை பேர் எழுதினார்கள் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்று பலர் தயங்குகிறார்கள். மொத்தச் சராசரி ஆண்களின் சராசரியிலிருந்து 6 தொலைவிலும் பெண்களின் சராசரியிலிருந்து 4 தொலைவிலும் நிற்கிறது. எந்தப் பக்கம் ஆட்கள் அதிகமோ அந்தப் பக்கம் அது நெருங்கி நிற்கும். ஆகவே ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள விகிதம் 4:6, அதாவது 2:3. மூன்று சராசரிகள் தெரிந்தால், முதல் இரண்டும் சமமாக இல்லாதவரை, விகிதம் தெரிந்துவிடும் என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பாலும் தண்ணீரும் கலக்கும் கணக்குகள், இரண்டு வட்டி வீதங்களில் பணம் போடும் கணக்குகள் எல்லாம் இதன் உறவினர்களே.

இரண்டாவது, முழு எண்ணாக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைக் கவனிக்காதது. கேள்வி அதை எழுதிவைக்காது. ஆட்கள், நாற்காலிகள், புத்தகங்கள், லாரிகள் என்று சொல்லும்போதே அது சொல்லப்பட்டுவிட்டது. மாணவர்-மாணவியர் விகிதம் 5:3 என்று வினாவிலேயே இருக்கட்டும். வகுப்பில் மொத்தம் 30-க்கு மேல், 38-க்குக் கீழ் என்று ஒரு கூற்று வரட்டும். "இடைவெளிதானே கொடுத்திருக்கிறார்கள், எண் எங்கே?" என்று தள்ளிவிடாதீர்கள். மொத்தம் 8-இன் மடங்காகத்தான் இருக்க முடியும். அந்த இடைவெளியில் அப்படி ஓர் எண் 32 மட்டுமே. போதும். ஆனால் அதே 5:3 பாலுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதமாக இருந்து, மொத்தம் 30 லிட்டருக்கும் 38 லிட்டருக்கும் இடையில் என்று சொல்லியிருந்தால் போதாது, 33.6 லிட்டர் கலவையை யாரும் தடுக்கப்போவதில்லை. எண்ணக்கூடிய பொருளா, அளக்கக்கூடிய பொருளா என்ற இந்த ஒரு வேறுபாடு பல கேள்விகளின் விடையை மாற்றிவிடுகிறது.

முழு எண் கட்டாயம் இதைவிட ஆழமாகவும் ஒளிந்திருக்கும். ஒரு பேனா 7 ரூபாய், ஒரு நோட்டு 11 ரூபாய். ஒருவர் வாங்கிய பேனாக்களுக்கும் நோட்டுகளுக்கும் உள்ள விகிதம் என்ன? கூற்று: மொத்தச் செலவு 100 ரூபாய். சமன்பாடு ஒன்று, தெரியாதவை இரண்டு. கை தானாகவே 'போதாது' என்று எழுதப் போகிறது. அங்கே நிறுத்தி, 100-இலிருந்து 11, 11-ஆகக் கழித்துக்கொண்டே வாருங்கள்: 89, 78, 67, 56, 45, 34, 23, 12, 1. இவற்றில் 7-ஆல் வகுபடுவது 56 மட்டுமே (100-உம் வகுபடாது). ஆகவே நோட்டு 4, பேனா 8, விகிதம் 2:1. ஒரே சமன்பாடு போதும்.

இதைக் கற்றுக்கொண்டதும் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, இப்படி ஒரு சமன்பாட்டைப் பார்த்தாலே 'போதும்' என்று குறிக்கத் தொடங்குகிறார்கள். அதே விலைகளில் மொத்தம் 150 ரூபாய் என்று மாற்றிப் பாருங்கள். 12 பேனாவும் 6 நோட்டும் வாங்கினால் 84 + 66 = 150. ஒரு பேனாவும் 13 நோட்டும் வாங்கினாலும் 7 + 143 = 150. விகிதம் ஒரு முறை 2:1, மறுமுறை 1:13, போதாது. ஆகவே ஒரு விடை கிடைத்தவுடன் நிறுத்தாமல், 11 பேனாவைக் குறைத்து 7 நோட்டைக் கூட்டினால் (இரண்டும் 77 ரூபாய்தான்) இன்னொரு விடை வருகிறதா என்று இரு திசையிலும் பார்த்துவிடுங்கள். 100 ரூபாய்க் கணக்கில் 8 பேனாக்களிலிருந்து 11-ஐக் குறைக்க முடியாது, 4 நோட்டுகளிலிருந்து 7-ஐக் குறைக்க முடியாது. அதனால்தான் அங்கே விடை ஒன்றே.

மூன்றாவது, 'இல்லை' என்பதும் உறுதியான விடை என்பதை மறப்பது. ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகளில் இது நிகழ்கிறது. ஒரு குழுவில் பெண்கள் சரியாக 20 பேரா என்று கேள்வி. கூற்று 1: ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள விகிதம் 4:3. கூற்று 2: மொத்தம் 35 பேர். முதல் கூற்றின்படி பெண்கள் 3-இன் மடங்கு; 20 அப்படி இல்லை. எனவே பெண்கள் 20 பேர் இல்லை என்பது முதல் கூற்றிலேயே உறுதியாகிவிட்டது. பெண்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியவில்லைதான். அதைக் கேள்வி கேட்கவும் இல்லை. விடை ஏ.

இங்கே இரட்டிப்புச் சோதனைக்கு உள்ள எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பணிமனையில் லாரிகள் 10-க்கு மேல் இருக்கின்றனவா என்ற கேள்விக்கு, லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் உள்ள விகிதம் 13:7 என்று மட்டும் ஒரு கூற்று வந்தால், எண்ணிக்கையைத் தொடாத தகவல் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் விகிதம் 13:7 என்றால் லாரிகள் குறைந்தது 13. இரட்டிப்பாக்கினாலும் பதில் 'ஆம்' என்றே நிற்கிறது. இரட்டிப்புச் சோதனை 'எத்தனை' என்ற கேள்விக்கு எப்போதும் செல்லும். 'இத்தனைக்கு மேலா' என்ற கேள்விக்கு, இரட்டிப்பாக்கியபின் பதிலும் மாறுகிறதா என்று பார்த்தால்தான் செல்லும்.

அறிகுறி: சி குறித்தீர்கள், சரியான விடை இ

இரண்டு கூற்றுகளும் ஒரே செய்தியை வேறு வேறு சொற்களில் சொல்லியிருக்கின்றன. நாவல்களுக்கும் மற்ற நூல்களுக்கும் உள்ள விகிதம் 3:5 என்று ஒரு கூற்றும், மொத்த நூல்களில் 37.5 சதவீதம் நாவல்கள் என்று மற்றொரு கூற்றும் இருந்தால், நாவல்கள் எத்தனை என்பது இரண்டும் சேர்ந்தாலும் தெரியாது. இது எளிய வடிவம். சதவீதத்தைப் பின்னமாக மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

கடினமான வடிவத்தில், அளவைச் சொல்லும் தகவல் போலவே ஒன்று வந்து நிற்கும். ஒரு முகாமில் எத்தனை சிறுவர்கள் என்று கேள்வி. கூற்று 1: சிறுவர்களுக்கும் சிறுமியருக்கும் உள்ள விகிதம் 3:2. கூற்று 2: இன்னும் 6 சிறுவர்களும் 4 சிறுமியரும் சேர்ந்தால் விகிதம் 3:2 ஆகும். 6, 4 என்று உண்மையான எண்கள் வந்துவிட்டதால் 'ம' கிடைத்துவிடும் என்று தோன்றுகிறது. சிறுவர்களை 3ம, சிறுமியரை 2ம என்று வைத்துச் சமன்பாட்டை எழுதினால், இரண்டு பக்கமும் 6ம + 12 என்று வந்து நிற்கும். 'ம' எதுவாக இருந்தாலும் சமம்தான். சேர்ந்தவர்களே 6:4, அதாவது 3:2 என்ற விகிதத்தில் சேர்ந்திருக்கிறார்கள். இருந்த விகிதம் அசையாததில் வியப்பில்லை, புதிய செய்தியும் இல்லை. விடை இ. மாறாக, 6 சிறுவர்களும் 6 சிறுமியரும் சேர்ந்தால் விகிதம் 4:3 ஆகும் என்று இரண்டாம் கூற்று சொல்லியிருந்தால் 9ம + 18 = 8ம + 24 என்று வந்து, ம = 6, சிறுவர்கள் 18 என்று முடிந்திருக்கும்; விடை சி.

இந்த இணை எனக்கு மிகவும் பிடித்தது, இன்னொரு காரணத்துக்காகவும்: "6 சிறுவர்களும் 4 சிறுமியரும் சேர்ந்தபின்னும் விகிதம் மாறவில்லை" என்ற ஒரே வரி, பழைய விகிதத்தைச் சொல்லாமலேயே அது 3:2 தான் என்று காட்டிவிடுகிறது. கேள்வி விகிதத்தைக் கேட்டிருந்தால் அந்த ஒரு வரியே போதும். எண்ணிக்கையைக் கேட்டால் அது எத்தனை முறை திரும்ப வந்தாலும் போதாது.

ஆகவே, சி குறிக்கும் முன் இரண்டு சமன்பாடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, விகிதத்தைக் குறுக்குப் பெருக்கல் செய்து, எழுதிப் பாருங்கள். தீர்க்க வேண்டியதில்லை. ஒன்று மற்றொன்றின் மடங்காக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அறிகுறி: டி குறித்தீர்கள், சரியான விடை ஏ

முதல் கூற்றின் செய்தி இரண்டாம் கூற்றுக்குள் கசிந்துவிட்டது. ஒரு குழுவில் எத்தனை பெண்கள் என்று கேள்வி. கூற்று 1: ஆண்-பெண் விகிதம் 5:4, மொத்தம் 45 பேர். கூற்று 2: ஆண்கள் பெண்களைவிட 5 பேர் அதிகம். முதல் கூற்றில் 20 பெண்கள் என்று கண்டுபிடித்த சூட்டோடு இரண்டாவதைப் படிக்கும்போது, 5:4 மனத்தில் நிற்கிறது. வித்தியாசம் ஒரு மடங்கு, அது 5, ஆகவே பெண்கள் 20 என்று மறுபடியும் வருகிறது. விடை பொருந்துவதால் சந்தேகமும் எழுவதில்லை. ஆனால் 5:4 இரண்டாம் கூற்றின் சொத்து இல்லை. அதே 5:4 வினாவின் வாசகத்திலேயே இருந்திருந்தால் இரண்டு கூற்றுகளுக்கும் அது பொதுச் சொத்தாகி, டி என்பதே சரியாக இருந்திருக்கும். ஆகவே, எழுதும் பலகையில் வினாவின் தகவலை மேலேயும், அதன் கீழ் நடுவில் ஒரு கோடு இழுத்து இடப்பக்கம் கூற்று 1, வலப்பக்கம் கூற்று 2 என்றும் எழுதும் பழக்கத்தை வலியுறுத்துகிறேன். இரண்டாம் கூற்று சிறியதாக இருந்தால் அதிலிருந்து தொடங்குவதும் நல்லது; மனம் இன்னும் கலங்காமல் இருக்கும்.

இதனோடு சேர்ந்த ஒரு சரிபார்ப்பு உண்டு. ஜிமேட்டில் இரண்டு கூற்றுகளும் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை. முதல் கூற்றில் 5:4 என்றும் இரண்டாவதில் 4:5 என்றும் உங்களுக்கு வந்தால், "இரண்டும் தனித்தனியே போதும்" என்று டி குறித்து நகராதீர்கள். எங்கோ கணக்கு பிசகியிருக்கிறது.

அறிகுறி: இ குறித்தீர்கள், சரியான விடை சி

பெரும்பாலும் இரண்டு விகிதங்களை இணைக்கும் பொது உறுப்பைப் பார்க்காமல் விட்டிருப்பீர்கள். கணக்காளர்-பொறியாளர் 3:4, பொறியாளர்-மேலாளர் 6:5 என்றால், நடுவில் நிற்கும் பொறியாளர்களை 12 ஆக்கினால் 9:12:10 என்ற சங்கிலி கிடைக்கும். கணக்காளர்-மேலாளர் விகிதம் 9:10. இரண்டு விகிதங்களிலும் ஒரே உறுப்பு இல்லாவிட்டால் சங்கிலி இல்லை. ஆனால் ஒன்றில் 'மொத்த ஊழியர்கள்' வந்தால் அதையும் உறுப்பாகக் கொள்ளுங்கள். மொத்தம் பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பாக இருக்கும்.

அறிகுறி: சி, டி, இ மூன்றும் ஒன்றோடொன்று மாறி மாறித் தவறுகின்றன, ஆனால் விளக்கத்தைப் பார்த்தால் உங்கள் கணக்கு சரி

வங்கித் தேர்வுகளுக்குப் படித்துவிட்டு ஜிமேட்டுக்கு வந்தவரா நீங்கள்? அப்படியானால் கோளாறு கணக்கில் இல்லை. ஐபிபிஎஸ், எஸ்பிஐ புரபேஷனரி ஆபீசர் தேர்வுகளில் வழக்கமாக வரும் வரிசை வேறு: மூன்றாவது தெரிவு 'ஏதேனும் ஒன்று தனித்தே போதும்', நான்காவது 'இரண்டும் சேர்ந்தாலும் போதாது', ஐந்தாவது 'இரண்டும் சேர்ந்து தேவை'. அந்த மூன்றாவது இங்கே டி, நான்காவது இ, ஐந்தாவது சி. இரண்டு வருடம் பழகிய விரல் தானாகப் பழைய இடத்துக்குப் போகும். இரண்டு வாரத்துக்கு, எழுத்தை எண்ணாமல் 'சேர்ந்தால்', 'தனித்தனியே', 'சேர்ந்தாலும் இல்லை' என்று சொல்லாக முடிவெடுத்து, அதன்பிறகே எழுத்தைத் தேடுங்கள். வங்கித் தேர்வுக்கே படிப்பவர்கள் இந்தக் கட்டுரையின் எழுத்துகளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், கோளாறுகள் அவையேதான்.

அறிகுறி: விடைகள் சரி, ஆனால் ஒரு கேள்விக்கு நான்கு நிமிடம் ஆகிறது

டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் திரையிலேயே கால்குலேட்டர் இருக்கிறது. விகித டேட்டா சஃபிஷியன்ஸி கேள்வியில் உங்கள் கை அதை நோக்கிப் போனால், நீங்கள் தேவைக்கு மேல் தீர்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். 17ம = 391 என்று வந்துவிட்டால் 'ம' ஒரே எண் என்பது உறுதி; அது 23 என்று கண்டுபிடிப்பதற்கு மதிப்பெண் இல்லை. ஆனால் முழு எண் கட்டாயமும் இடைவெளியும் வரும் கேள்விகளில் மட்டும், கடைசிவரை எண்களை எழுதிப் பார்ப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். அங்கே செலவழிக்கும் நாற்பது விநாடி வீண்போகாது.

அறிகுறி: மேலே சொன்ன எதிலும் அடங்கவில்லை, கேள்வியைத் திரும்பப் படித்தால் விகிதமே தலைகீழாக இருக்கிறது

இது ஆங்கில வாக்கியத்தைப் படிக்கும்போது நேர்வது. 'சிக்ஸ் டைம்ஸ் ஆஸ் மெனி ஸ்டூடண்ட்ஸ் ஆஸ் டீச்சர்ஸ்' என்ற தொடரைச் சொல் வரிசைப்படியே சமன்பாடாக மாற்றினால், 6 × மாணவர் = ஆசிரியர் என்று எழுதிவிடுவோம்; ஆறு என்ற சொல் மாணவருக்குப் பக்கத்தில் நிற்பதால் வரும் வினை. தமிழில் 'ஆசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள்' என்று ஒருமுறை மனத்துக்குள் சொன்னால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இந்தப் பிழைக்காக அதிகம் கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்வேன். விகிதம் 6:1 ஆனாலும் 1:6 ஆனாலும், கிடைக்கிறதா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். தலைகீழாக எழுதியும் சரியான எழுத்தைக் குறித்தவர்கள் பலர். ஆனால் முழு எண் கட்டாயத்தோடு இது சேரும்போது விடை மாறிவிடும். மாணவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, வினாவில் அந்த ஆறு மடங்குத் தொடரும், ஒரு கூற்றில் மாணவர்கள் 40-க்கு மேல் 44-க்குக் கீழ் என்ற இடைவெளியும் இருக்கட்டும். சரியாகப் படித்தால் மாணவர்கள் 6-இன் மடங்கு, ஆகவே 42 மட்டுமே, கூற்று போதும். தலைகீழாகப் படித்தால் 41, 42, 43 மூன்றும் பொருந்தும், கூற்று போதாது என்று குறித்துவிடுவீர்கள். அதனால், இடைவெளி தரும் கூற்றைக் கண்டால் மட்டும், சமன்பாட்டுக்குக் கீழே '1 ஆசிரியர், 6 மாணவர்' என்று எழுதி, அந்த எண்களைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.